பழனி டு கொடைக்கானல்: 64 கிலோமீட்டரா, மூணு மணி நேரமா?

பாரிஸிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று நெட்டில் தட்டிப் பாருங்கள். நேர்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர், விமானத்தில் ஒண்ணேகால் மணி நேரம் என்று இரண்டே வரியில் பதில் வந்துவிடும். உலகத்தில் எந்த இரண்டு ஊர் பெயரைக் கொடுத்தாலும் தூரமும் விமான நேரமும் கணக்கு போட்டு சொல்லும் தளங்கள் நிறைய இருக்கின்றன. படிக்க வேண்டிய நேரத்தில் இப்படி ஏதாவது நோண்டிக்கொண்டிருப்பது நமக்கு வழக்கம்தானே. சரி, நம்ம ஊர் கணக்கையும் பார்ப்போமே என்று பழனி, கொடைக்கானல் இரண்டையும் வைத்து கணக்கு போட்டேன்.

நேர்கோட்டில் 25 கிலோமீட்டர். ஜெட் விமானத்தின் வேகத்தில் போனால் இரண்டு நிமிஷம். பழனி பஸ் ஸ்டாண்டில் காலை வெயிலில் நின்று கொடைக்கானல் பஸ்ஸை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் என் சக பயணிகளுக்கு இந்த இரண்டு நிமிஷத்தை சமர்ப்பிக்கிறேன் :-)

இப்போது நிஜக் கணக்கு. பழனியிலிருந்து சவரிக்காடு, வடகவுஞ்சி, பெருமாள்மலை வழியாக கொடைக்கானல் ரோட்டில் 64 கிலோமீட்டர். பழனி கடல் மட்டத்திலிருந்து முன்னூறு மீட்டர் சொச்சம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். நடுவில் 1,800 மீட்டர் செங்குத்தாக நிற்கிறது. பஸ் அதை வளைந்து வளைந்து ஏறி முடிக்க இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். அதாவது ரோட்டில் மணிக்கு 23 கிலோமீட்டர் வேகம். வரைபடத்து நேர்கோட்டில் பார்த்தால் மணிக்கு 9 கிலோமீட்டர். சைக்கிளை மெதுவாக மிதித்தால் வருகிற வேகம் அது. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவும் ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவாவும் நேர்கோட்டில் 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம். ஒரு நாட்டின் தலைநகரிலிருந்து இன்னொரு நாட்டின் தலைநகருக்குப் போகிற நேரத்தில் நம்ம பஸ் பழனியிலிருந்து பாதி மலைகூட ஏறியிருக்காது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு. சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் ஏறினால் 420 கிலோமீட்டர், ஒண்ணேகால் மணி நேரம். மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு 120 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். பயணத்தின் கால்வாசிக்கும் குறைவான தூரம் முக்கால்வாசி நேரத்தை சாப்பிட்டுவிடுகிறது. "கொடைக்கானல் மதுரைக்குப் பக்கம்தானே" என்று சொல்பவர்களை நான் இப்போதெல்லாம் திருத்துவதில்லை. வந்து பார்த்து தெரிந்துகொள்ளட்டும்.

நான் சொல்ல வருவது இதுதான்: மலையில் கிலோமீட்டர் என்பது உதவாத அளவு. மணி நேரம்தான் சரியான அளவு. இது பஸ்ஸில் உட்கார்ந்து இடுப்பு வலித்தவனின் புலம்பல் மட்டும் இல்லை. சர்க்கார் காரியங்களில் பல விதிகள் கிலோமீட்டரை வைத்து எழுதப்பட்டிருக்கின்றன. அந்த விதிகள் மலைக்கு வரும்போது மலைக்காரன்தான் நஷ்டப்படுகிறான்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை. தூரத்தை நேரத்தால் அளப்பது நமக்குப் புதுசு இல்லை. 'நாழிகை வழி' என்று ஒரு அளவு இருந்தது. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிஷத்தில், ஒரு ஆள் நடக்கிற தூரம். இன்றைக்கும் பாதயாத்திரை வருபவர்களிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் "அஞ்சு நாள் நடை" என்றுதான் பதில் வரும். தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவருக்கு கிலோமீட்டர் கல் எதற்கு?

பழனி என்ற ஊருக்கே இந்த சண்டையில் பங்கு உண்டு. ஞானப்பழத்துக்காக மயிலேறி உலகத்தையே சுற்றி வந்தவர் தம்பி. அம்மையப்பனை ஒரு சுற்று சுற்றிவிட்டு பழத்தை வாங்கிக்கொண்டவர் அண்ணன். தம்பி தூரத்தைப் பார்த்தார், அண்ணன் நேரத்தைப் பார்த்தார். கோபித்துக்கொண்டு தம்பி வந்து நின்ற இடம் பழனி. அந்த மலைக்கோயிலுக்கே படியேறினால் 693 படி, நம் மூச்சைப் பொறுத்து அரை மணி நேரம். விஞ்ச்சில் எட்டு நிமிஷம். 2004-ல் வந்த ரோப்காரில் மூன்று நிமிஷம். அடிவாரத்திலிருந்து கோயில் எவ்வளவு தூரம் என்று யாராவது மீட்டரில் கேட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? "ரோப்கார்ல கூட்டம் எப்படி, எவ்வளவு நேரம் ஆகும்" என்றுதான் கேட்பார்கள்.

கொடைக்கானலின் கதையும் அப்படித்தான். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் வந்து மேலே வீடு கட்டினார்கள். மதுரை வெயிலிலும் காய்ச்சலிலும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்ததால் குளிர் தேடி வந்தவர்கள். 1875-ல் அம்மையநாயக்கனூர் வரை ரயில் வந்தது. அதுதான் இன்றைய கொடை ரோடு ஸ்டேஷன். பெயரில் கொடை இருக்கிறதே தவிர, ஸ்டேஷனிலிருந்து ஊர் 80 கிலோமீட்டர். (பெயரை நம்பி இறங்கி, "ஊருக்குள்ள போக ஆட்டோ இருக்கா" என்று கேட்பவர்கள் உண்டு.) அங்கிருந்து மாட்டு வண்டியில் மலை அடிவாரத்து கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை வரவேண்டும். அப்புறம் ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோ மேலே போகவேண்டும். வத்தலக்குண்டு பக்கத்திலிருந்து ஏறும் லாஸ் காட் ரோடு முடிந்தது 1914 வாக்கில். நாற்காலியில் உட்கார்ந்து போன துரைக்கும் அதைத் தோளில் தூக்கிய கூலிக்கும் மைல் கணக்கு ஒன்றுதான். இரண்டு பேரும் போனது ஒரே பயணம் என்று யாராவது சொல்வார்களா?

மலை ஏறுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஸ்காட்லாந்தில் நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892-லேயே ஒரு கணக்கு சொல்லி வைத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். நம்ம பழைய பாதையை ஒரு பத்து மைல் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் ஆறாயிரம் அடி. நடைக்கு மூன்று மணி இருபது நிமிஷம், ஏற்றத்துக்கு மட்டும் தனியாக மூன்று மணி நேரம். அந்தப் பின்பாதி மணி நேரம் கிலோமீட்டரில் எங்கேயும் தெரியாது.

இதில் உச்சம் நம்ம ஊர் சூரிய ஆய்வுக்கூடம். 1901 முதல் அங்கே சூரியனைப் பார்த்து பதிவு செய்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்ததும் அங்கேதான். விண்வெளி ஆட்கள் தூரத்தை கிலோமீட்டரில் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள், ஒளியாண்டு என்பார்கள். 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சூரியனிலிருந்து புறப்படும் வெளிச்சம் எட்டு நிமிஷம் சொச்சத்தில் கொடைக்கானல் வந்து சேர்கிறது. அதே எட்டு நிமிஷத்தில் நம்ம பஸ் பழனி பஸ் ஸ்டாண்டைவிட்டு வெளியே வந்திருந்தால் அதிர்ஷ்டம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் காமர்ஸ் படிப்பவன், அதனால் பணக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் போக்குவரத்து கணக்கு என்று ஒரு பாடம் வரும். 'பயணி-கிலோமீட்டர்', 'டன்-கிலோமீட்டர்' என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். பஸ்ஸில் ஐம்பது சீட்டு, ஒரு நாளைக்கு நாலு டிரிப், மாதம் 25 நாள்... எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கணக்கில் செலவை மூன்றாகப் பிரிப்போம். டிரைவர் சம்பளம், இன்ஷூரன்ஸ், ரோடு டாக்ஸ், பெர்மிட், ஷெட் வாடகை எல்லாம் நிலைச்செலவு. டீசல், ஆயில், டயர் ஓட்டச் செலவு. மூன்றாவது பராமரிப்பு. இதில் நிலைச்செலவு கிலோமீட்டரைப் பார்ப்பதே இல்லை, நாளைத்தான் பார்க்கிறது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒரு சின்ன கணக்கு. ஒரு லாரிக்கு நாளொன்றுக்கு நிலைச்செலவு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சமவெளியில் அது ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 10 ரூபாய். மலையில் ஒரு தடவை ஏறி இறங்கினால் 130 கிலோமீட்டர், பொழுது முடிந்தது. கிலோமீட்டருக்கு 23 ரூபாய். டீசலைப் பற்றி இன்னும் பேசவே இல்லை. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறுகிற வண்டி எவ்வளவு குடிக்கும் என்று டிரைவர் அண்ணன்களைக் கேளுங்கள். பிரேக், டயர் தனிக் கதை.

பூம்பாறையில் மலைப்பூண்டு போடும் விவசாயி தன் மூட்டையை பெரியகுளம் பக்கத்தில் இருக்கும் வடுகபட்டி பூண்டு சந்தைக்கு கொண்டுபோக வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பேப்பரில் எல்லாம் போட்டார்கள். ஆனால் அந்தப் பூண்டு சந்தைக்கு இறங்குகிற நேரம் அப்படியேதான் இருக்கிறது. பெரியகுளம் கொடைக்கானலிலிருந்து நேர்கோட்டில் 14 கிலோமீட்டர்தான். மலை விளிம்பில் நின்று பார்த்தால் ராத்திரி விளக்கு தெரியும். காட் ரோடு வழியாக சுற்றிப் போனால் அதைப்போல ஐந்து மடங்கு. லாரி வாடகை பேசும்போது இதெல்லாம் டிரைவருக்கும் விவசாயிக்கும் தெரியும், அதனால் "எத்தனை கிலோமீட்டர்" என்று அவர்கள் பேசுவதில்லை, "ஒரு நடைக்கு எவ்வளவு" என்றுதான் பேரம். சந்தைக்குத் தெரிந்த விஷயம் பாடப் புத்தகத்துக்கும் சர்க்கார் விதிக்கும் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

முழுக்கத் தெரியாது என்று சொன்னால் அநியாயம். ரயில்வேக்காரர்களுக்கு ஓரளவு தெரியும். கொங்கண் ரயில் பாதையில் பாலமும் சுரங்கமும் போட்டே பணம் தீர்ந்துவிட்டதால், டிக்கெட் போடும்போது நிஜ தூரத்தைவிட 40 சதவீதம் கூட்டி கணக்கு வைத்தார்கள். ஓடுவது நூறு கிலோமீட்டர் என்றால் காசு நூற்று நாற்பதுக்கு. நம்ம மலை பஸ்ஸிலும் மலைப்பாதை என்று தனியாக கூடுதல் கட்டணம் உண்டு. பாருங்கள், வசூல் செய்யும்போது மட்டும் 'மலைக் கிலோமீட்டர் பெரிசு' என்று சர்க்காருக்குத் தெரிகிறது. சலுகை கொடுக்கும்போது அதே கிலோமீட்டர் சமவெளிக் கிலோமீட்டராக சுருங்கிவிடுகிறது. எனக்கு இதில்தான் கோபம்.

உதாரணம் கேட்பீர்கள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்தும் மாணவர் விடுதிகளில் சேர ஒரு விதி: வீட்டுக்கும் படிக்கிற இடத்துக்கும் நடுவே குறைந்தது 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும். (மாணவிகளுக்கு இந்த விதி இல்லை, நல்ல விஷயம்.) திண்டுக்கல்லில் 8 கிலோமீட்டர் என்பது டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். அதே விதி மேல்மலைக்கும்தான். அங்கே 7 கிலோமீட்டர் தள்ளி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒரு ஏற்றம் ஏறிப் போகவேண்டிய வீட்டில் இருக்கும் பையன் 'பக்கத்து வீட்டுக்காரன்' ஆகிவிடுகிறான். கல்வி உரிமைச் சட்டத்திலும் அப்படித்தான். ஒண்ணாவதிலிருந்து அஞ்சாவது வரை ஒரு கிலோமீட்டருக்குள், ஆறிலிருந்து எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளிக்கூடம் இருக்கவேண்டும் என்பது கணக்கு. கடினமான இடங்களுக்கு தளர்த்திக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தளர்த்துவது யார், எப்போது? அதிகாரியின் மேஜையில் விரித்திருக்கும் வரைபடம் தட்டையாகத்தான் இருக்கும்.

என் வகுப்பில் ஒருவன் இருக்கிறான். மன்னவனூருக்கு அந்தப் பக்கம் ஊர். போன வருஷம் ஒரு போட்டித் தேர்வுக்கு விண்ணப்பித்தான். 'அருகிலுள்ள மையம்' என்று கீழே ஒரு ஊரைப் போட்டிருந்தார்கள். வரைபடத்தில் அது நிஜமாகவே அருகில்தான், மலையின் அந்தப் பக்கத்துச் சரிவுக்கு நேர் கீழே. ஆனால் அங்கே இறங்க ரோடு கிடையாது. கொடைக்கானல் வந்து, மலை இறங்கி, சுற்றிக்கொண்டு போகவேண்டும். தேர்வு காலை பத்து மணிக்கு. முதல் நாள் மத்தியானமே கிளம்பி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கி எழுதினான். ரூம் வாடகை தேர்வுக் கட்டணத்தைவிட அதிகம். இதை ஒதுக்கிய ஆளிடம் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. கம்ப்யூட்டர் கிலோமீட்டரைப் பார்த்து ஒதுக்கியது, அவ்வளவுதான். யாரிடமும் போய் சண்டை போட முடியாத அநியாயம் இது.

ஆஸ்பத்திரி விஷயம் இதைவிட மோசம். விபத்திலோ மாரடைப்பிலோ முதல் ஒரு மணி நேரத்தை 'தங்க மணி நேரம்' என்கிறார்கள். கவனியுங்கள், தங்கக் கிலோமீட்டர் என்று யாரும் சொல்லவில்லை. மருத்துவம் நேரத்தில் பேசுகிறது. ஆனால் ஆஸ்பத்திரி எங்கே கட்டுவது என்ற விதி தலைக்கணக்கில் பேசுகிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. துணை நிலையம் என்றால் 5,000-க்கு பதில் 3,000. மலைக்கு சலுகை கொடுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. தலைகள் குறைவு, மணி நேரங்கள் அதிகம். கிளாவரையில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் 108 வண்டி வந்து ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் சேர்வதற்குள்ளேயே அந்தத் தங்க மணி நேரம் கரைந்துவிடும். அங்கிருந்து தேனி மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ இறக்கச் சொன்னால் இன்னும் மூன்று மணி நேரம்.

மலைப்பகுதி பெண்களுக்காக, பிரசவ தேதிக்கு முன்பே வந்து தங்கும் காத்திருப்பு அறைகளை தமிழக அரசு சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்படுத்தியிருக்கிறது. எனக்குத் தெரிந்து நேரத்தை அளவாக வைத்து யோசித்த ஏற்பாடு இதுதான். ரோட்டை சுருக்க முடியாது, அதனால் ஆளை முன்கூட்டியே வரவழைப்போம் என்று யாரோ ஒருவர் மலையைத் தெரிந்து யோசித்திருக்கிறார். அவருக்கு என் வணக்கம்.

வெள்ளகவியை சொல்லாமல் விட முடியாது. கொடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் நடுவில், மலைச்சரிவில் தொங்கிக்கொண்டிருக்கும் பழைய ஊர். தலைமுறை தலைமுறையாக ரோடே இல்லாமல் வாழ்ந்தவர்கள். வட்டக்கானல் பக்கம் ஏறவேண்டும், இல்லாவிட்டால் கும்பக்கரை பக்கம் இறங்கவேண்டும், இரண்டும் நடைதான். தேர்தலுக்கு ஓட்டு மெஷினையே குதிரையில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தப் படம் பேப்பரில் வரும், நாமும் "அடடே" என்று பார்ப்போம். கிலோமீட்டர் கணக்கில் வெள்ளகவி கொடைக்கானலின் புறநகர். மணிக்கணக்கில் பார்த்தால் அங்கிருப்பவருக்கு சென்னையைவிட தூரத்தில் இருந்தது உலகம்.

"அப்போ ரோடு போடச் சொல்லு, மலையைக் குடையச் சொல்லு" என்று சிலர் சொல்வார்கள். சுவிட்சர்லாந்துக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஆல்ப்ஸுக்கு அடியில் 57 கிலோமீட்டர் நீள கோட்ஹார்ட் சுரங்கத்தை 2016-ல் திறந்து ஜூரிச்சுக்கும் மிலானுக்கும் நடுவே நிமிஷங்களை வெட்டி எடுத்தார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது. நான் அந்தக் கட்சியில் இல்லை. கொடைக்கானலிலிருந்து பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்கு ஒரு பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்துவிட்டால் தப்பித்து கொச்சி பக்கம் ஓட என்று வைத்திருந்ததால் 'எஸ்கேப் ரோடு' என்று பெயர். 1990-ல் மூடிவிட்டார்கள். நேர்கோட்டில் 50 கிலோமீட்டர் இருக்கும் மூணாறுக்கு இப்போது வத்தலக்குண்டு, தேனி, போடி என்று 170 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அதைத் திறக்கச் சொல்லி அவ்வப்போது குரல் வரும். யாருக்காக? மேல்மலை நோயாளிக்கு மூணாறில் வேலை இல்லை. அந்தப் பாதை போவது சோலைக்காட்டுக்குள். 2013-ல் கொடைக்கானல் வன உயிரின சரணாலயம் அறிவித்தார்கள். அங்கே டூரிஸ்ட் வண்டியை விட்டு நூறு கிலோமீட்டர் மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பழனி-கொடைக்கானல் ரோப்கார் யோசனையும் பல வருஷமாகப் பேச்சில் இருக்கிறது. வந்தால் வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். பூண்டு மூட்டையும் பிரசவ வலியும் அதில் ஏறுமா என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

கிலோமீட்டரைக் குறைப்பது வேறு, மணியைக் குறைப்பது வேறு. மே மாதம் ஞாயிற்றுக்கிழமை பெருமாள்மலையிலிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டி ஊருக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள். ரோடு ஒரு மீட்டர்கூட நீளவில்லை, பயணம் இரண்டு மடங்காகிவிடும். வெளியூர் கார்களின் வரிசையில் ஆம்புலன்ஸும் நிற்கும், எங்கள் பஸ்ஸும் நிற்கும். சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவரச் சொன்னது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை சீசனுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். அரசு பஸ்ஸுக்கும் உள்ளூர் வண்டிக்கும் விலக்கு. ஹோட்டல்காரர்கள் கொதித்தார்கள், அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு. ஆனால் ஒரு விஷயம் பாருங்கள். வண்டி குறைந்தால் வியாபாரத்தில் எவ்வளவு நஷ்டம் என்று சொல்ல எல்லாரிடமும் ஒரு தொகை இருந்தது. வண்டி அதிகமாகி உள்ளூர் ஜனங்கள் ரோட்டில் இழந்த மணி நேரத்துக்கு யாரிடமும் கணக்கு இல்லை. எழுதி வைக்காத செலவு செலவே இல்லை என்பது காமர்ஸ்காரனுக்கு முதல் வருஷமே தெரிந்துவிடும்.

நேரத்தை வைத்து சட்டம் எழுத முடியுமா என்றால், எழுதியிருக்கிறார்கள். பிரான்சில் 2021-ல் ஒரு சட்டம் போட்டு 2023 மே மாதம் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகமுடிகிற ஊர்களுக்கு நடுவே உள்நாட்டு விமானம் கூடாது. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நாந்த், போர்தோ ஊர்களுக்கு விமானம் நின்றது. இதில் எத்தனை கிலோமீட்டர் என்ற பேச்சே இல்லை. போர்தோ கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஆனால் ரயில் இரண்டு மணி நேரம் சொச்சத்தில் போகிறது, அதனால் அது பக்கம். அந்தச் சட்டம் நல்லதா, கெட்டதா என்று அங்கேயே சண்டை. எனக்கு வேண்டியது அதில் இருக்கும் அளவுகோல் மட்டும்.

"நேரம் மாறிக்கொண்டே இருக்குமே, மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி, மண் சரிந்தால் அன்றைக்குப் போக்குவரத்தே கிடையாது, இதை எப்படி விதியில் எழுதுவது" என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. விமான கம்பெனிகள் என்ன செய்கின்றன? காற்று ஒரு நாள் எதிரே வீசும், ஒரு நாள் பின்னால் தள்ளும், இறங்க இடம் கிடைக்காமல் மேலேயே வட்டமடிக்க வேண்டி வரும். எல்லாவற்றையும் பழைய அனுபவத்திலிருந்து கணக்கு பார்த்து, வாசலை மூடியதிலிருந்து மறு ஊரில் வாசலைத் திறக்கும் வரை இவ்வளவு என்று டிக்கெட்டில் அச்சடிக்கிறார்கள். லண்டன்-பாரிஸ் ஒண்ணேகால் மணி என்பதும் அப்படி வந்ததுதான். விமான டிக்கெட்டில் கிலோமீட்டர் போட்டு யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஊட்டி ரயிலைப் பாருங்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, இறங்குவதற்கு மூன்றரை மணி. ஒரே பாதை, இரண்டு நேரம், அதையும் அட்டவணையில் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். மாறுகிற விஷயத்தை எழுத முடியாது என்பது சாக்கு.

இதற்குப் பெரிய கமிஷன், கோடிக்கணக்கில் ஆய்வு எதுவும் தேவையில்லை. நம்ம அரசு பஸ் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். கண்டக்டர் கையிலிருக்கும் மெஷினில் ஏறின இடம், இறங்கும் இடம், தேதி, நேரம் எல்லாம் அச்சாகிறது. பழனியில் ஒருவருக்கு ஆறு ஐந்துக்கு டிக்கெட் கிழிக்கிறார், சவரிக்காட்டில் ஏறுபவருக்கு ஒன்று, வடகவுஞ்சியில் ஒன்று, பெருமாள்மலையில் ஒன்று. ஒவ்வொரு நிறுத்தத்தையும் பஸ் எத்தனை மணிக்குத் தாண்டியது என்று தினமும் தானாகவே பதிவாகிறது. நான் ஒரு செமஸ்டர் டிக்கெட்டுகளை புத்தகத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரே வழியில் இரண்டேகால் மணி நேரமும் இருக்கிறது, ஒரு மே மாத சனிக்கிழமை நாலு மணி நேரமும் இருக்கிறது. ஒரு மாணவன் பைக்குள் கிடக்கும் காகிதத்திலேயே இவ்வளவு தெரிகிறதென்றால், டெப்போவில் இருக்கும் ஒரு வருஷத்துப் பதிவில் எவ்வளவு இருக்கும்! மேல்மலை, கீழ்மலை பஸ்கள் எல்லாவற்றுக்கும் அதை எடுத்து, சாதாரண நாள், சீசன் நாள், மழை நாள் என்று மூன்று பத்தி போட்டால் ஒரு பட்டியல் வந்துவிடும். எங்கள் வகுப்பில் எக்ஸெல் தெரிந்த நாலு பேர் ஒரு வாரத்தில் முடித்துவிடுவோம், டீ செலவு மட்டும் கொடுத்தால் போதும். தேர்வு மையம் ஒதுக்குகிறவர், விடுதி விண்ணப்பம் பார்க்கிறவர், ஆம்புலன்ஸ் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர் எல்லாரும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்து போடட்டும். டெப்போவில் யாரைக் கேட்டால் அந்தப் பதிவைக் கொடுப்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஒட்டி மனு எழுத நான் தயார்.